நிறுத்துற வேகம் 238லேர்ந்து 203க்கு வந்துடுச்சுன்னு ரிப்போர்ட் குடுத்தா, அத எப்படி படிக்கறது?

உங்க கேள்விய ரெண்டு மூணு தடவ படிச்சேன். பையனுக்கு 14 வயசு, யோசிக்காம படக்குன்னு எதாவது செஞ்சுடறான், ஸ்கூல்லேர்ந்து கம்ப்ளைன்ட் வந்துட்டே இருக்கு, யாரோ சொல்லி ஒரு சென்டருக்கு கூட்டிட்டு போனீங்க, அங்க தலைல ஸ்பான்ஜ் வெச்சு லேசா கரண்ட் விடற டி.டி.சி.எஸ். ட்ரீட்மென்ட் 10 சிட்டிங் குடுத்தாங்க, முன்னாடி ஒரு தடவையும் முடிஞ்சதும் ஒரு தடவையும் கம்ப்யூட்டர்ல டெஸ்ட் வெச்சு "நிறுத்தும் வேகம்", அதாவது நிறுத்த ஆகற நேரம், குறைஞ்சா நல்லது, 238 மில்லிசெகண்ட்லேர்ந்து 203க்கு வந்திருக்குன்னு ரிப்போர்ட் குடுத்தாங்க, இன்னும் 20 சிட்டிங் எடுத்தா செட் ஆகிடும்னு சொல்றாங்க. எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. அதுக்குள்ள ரெண்டு கேள்வி இருக்கு. அந்த 35 மில்லிசெகண்ட் வித்தியாசம் நெஜமானதா? நெஜம்னா அத அந்த கரண்ட்தான் பண்ணுச்சா?

நான் டாக்டர் இல்ல, அத முதல்ல சொல்லிடறேன். சைக்காலஜி படிச்சுட்டு மூளை சம்பந்தப்பட்ட ஒரு ஆராய்ச்சி லேப்ல 11 வருஷமா இருக்கேன், அதுல பாதி வருஷம் இதே டெஸ்ட்ட வெச்சு ஆளுங்கள உக்கார வெச்சு டேட்டா எடுத்ததுதான் என் வேலை. அதனால முதல் கேள்விக்கு தைரியமா பதில் சொல்லுவேன். ரெண்டாவதுக்கு இதுவரைக்கும் வெளில வந்த ஆராய்ச்சி என்ன சொல்லுதோ அது வரைக்கும் சொல்றேன். பையனுக்கு ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனம் நிக்காம துறுதுறுன்னு அவசரப்படற பிரச்சனை, இருக்கா இல்லையான்னு நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

உங்க பையன் பண்ண டெஸ்ட் பேரு ஸ்டாப் சிக்னல் டாஸ்க். திரைல இடது பக்கமோ வலது பக்கமோ ஒரு அம்புக்குறி வரும், வந்த உடனே அந்த பக்கத்து பட்டன அமுக்கணும். நாலுல ஒரு தடவ, அம்புக்குறி வந்து கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு பீப் சத்தம் வரும் இல்ல கலர் மாறும், அப்ப அமுக்க கூடாது. அவ்வளவுதான் டெஸ்ட். கிரிக்கெட் ஆடினவங்களுக்கு இது நல்லா புரியும், அவுட் சைட் ஆஃப்ல வர்ற பால பாத்து பேட்ட கொண்டு போக ஆரம்பிச்சுட்டு கடைசி நொடில பால் வெளில போகுதுன்னு தெரிஞ்சு பேட்ட உள்ள இழுப்போம்ல, சில தடவ இழுத்துடுவோம், சில தடவ எட்ஜ் ஆகிடும். அந்த இழுக்கறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சுங்கறததான் இந்த டெஸ்ட் கண்டுபிடிக்க பாக்குது.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, உங்க ரிப்போர்ட்ட புரிஞ்சுக்க அதுதான் சாவி. பட்டன அமுக்கினா நேரத்த அளக்கலாம், அமுக்காம விட்டா அளக்கறதுக்கு அங்க ஒண்ணுமே இல்ல. வெற்றிகரமா நிறுத்தினவன் எந்த தடயமும் விடறதில்ல. அப்ப 203ங்கற நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு? 1984ல கோர்டன் லோகன், வில்லியம் கோவன்னு ரெண்டு பேர் ஒரு கணக்கு குடுத்தாங்க. மண்டைக்குள்ள ரெண்டு குதிரை ஓடுது, ஒண்ணு "அமுக்கு", இன்னொண்ணு "நிறுத்து", ரெண்டாவது குதிரை பீப் வந்த அப்பறம்தான் கிளம்பும், யாரு முன்னாடி வர்றாங்களோ அதுதான் நடக்கும். பீப்ப ரொம்ப சீக்கிரம் குடுத்தா எல்லாரும் நிறுத்திடுவாங்க, ரொம்ப லேட்டா குடுத்தா யாராலயும் முடியாது. அதனால கம்ப்யூட்டர் ஒவ்வொரு தடவையும் பாத்து, நிறுத்திட்டா அடுத்த பீப்ப 50 மில்லிசெகண்ட் தள்ளி குடுக்கும், நிறுத்தலன்னா 50 முன்னாடி குடுக்கும். இப்படி ஏறி இறங்கி கடைசில பாதிக்கு பாதி ஜெயிக்கற இடத்துல வந்து நிக்கும். பீப் இல்லாத நேரத்துல அவன் அமுக்கற வேகத்த வரிசையா அடுக்கினா நடுவுல இருக்கறது 500ன்னு வைங்க, பாதிக்கு பாதி ஜெயிக்க பீப் சராசரியா 262ல வர வேண்டி இருந்துச்சுன்னு வைங்க, 500லேர்ந்து 262 போனா 238. அந்த மாதிரி கழிச்சு வந்த நம்பர்தான் உங்க கைல இருக்கறது. தெர்மாமீட்டர்ல காய்ச்சல் பாத்த மாதிரி நேரா அளந்தது கிடையாது.

நேரா அளக்கலன்னு சொன்னதால பொய்னு அர்த்தம் இல்ல. இந்த கணக்கு 40 வருஷம் தாக்கு பிடிச்சிருக்கு, நல்லா இருக்கற இளவயசு ஆளுங்களுக்கு பெரும்பாலும் 200லேர்ந்து 250க்குள்ள வரும், ஏ.டி.ஹெச்.டி. இருக்கறவங்கள ஒரு கூட்டமா எடுத்தா சராசரி அத விட நீளமா இருக்கும், அதுக்கு குடுக்கற மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை போட்டா குறையும். இதெல்லாம் திரும்ப திரும்ப பாத்தது. ஆனா கூட்டத்துக்கு வேலை செய்யற நம்பர் ஒரே ஒரு பையனுக்கு வேலை செய்யணும்னா டெஸ்ட்ட ரொம்ப ஒழுங்கா எடுத்திருக்கணும். 2019ல இந்த டெஸ்ட்ல பழம் தின்னு கொட்டை போட்ட ஆளுங்க பல பேர் ஒண்ணா உக்காந்து ஒரு வழிகாட்டி எழுதினாங்க, அதுல ஒரு ஆளுக்கு குறைஞ்சது 50 தடவயாவது பீப் வந்திருக்கணும்னு சொல்றாங்க. நாலுல ஒண்ணுதான் பீப்ங்கறதால மொத்தம் 200 அம்புக்குறிக்கு குறையாம வரணும். நீங்க டெஸ்ட் அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுதுன்னு எழுதிருக்கீங்க, அது எனக்கு உறுத்துது, அந்த நேரத்துல எங்க லேப் வேகத்துல பீப் 30 கூட தாண்டாது.

கம்மியா எடுத்தா என்ன ஆகும்னு ஒரு கணக்கு போட்டு காட்டறேன். 20 பீப் மட்டும் வந்துச்சுன்னு வைங்க, 10ல நிறுத்தி 10ல கோட்ட விட்டான், சரியா பாதி. இப்ப கண் சிமிட்டினானோ தும்மினானோ 10க்கு பதிலா 11 தடவ கோட்ட விட்டான்னா 55 சதவீதம் ஆகிடும். பையனோட வேகம் தடவைக்கு தடவ 120 மில்லிசெகண்ட் போல சிதறி இருந்தா, அத வரிசையா அடுக்கினா 50 சதவீதத்துல இருக்கற நம்பருக்கும் 55 சதவீதத்துல இருக்கற நம்பருக்கும் நடுவுல மட்டுமே சுமார் 15 மில்லிசெகண்ட் வித்தியாசம். ஒரே ஒரு தும்மலுக்கு 15! முதல் டெஸ்ட்ல ஒண்ணு ரெண்டு அந்த பக்கம் போயி, ரெண்டாவது டெஸ்ட்ல ஒண்ணு ரெண்டு இந்த பக்கம் வந்தா உங்க 35 அங்கயே முடிஞ்சு போச்சு, மூளைல ஒண்ணுமே மாறாம.

அடுத்த சிக்கல், பையன் வேணும்னே காத்திருக்கறது. இந்த டெஸ்ட்ட எடுக்கற பசங்க கொஞ்ச நேரத்துலயே ஒரு விஷயத்த கண்டுபிடிச்சுடுவாங்க, லேட்டா அமுக்கினா பீப்ப பிடிச்சுடலாம்னு. நான் கண்ணாடிக்கு இந்த பக்கம் உக்காந்து பாத்திருக்கேன், முதல் ரவுண்ட்ல படபடன்னு அமுக்கற பையன் மூணாவது ரவுண்ட்ல விரல தூக்கி பட்டனுக்கு மேல நிறுத்தி வெச்சுட்டு பீப் வருமா வருமான்னு காது குடுத்துட்டு உக்காந்திருப்பான். அதனாலதான் ஒவ்வொரு ரவுண்ட் நடுவுலயும் "வேகமா அமுக்குப்பா, காத்திருக்காத, சில தடவ நிறுத்த முடியாம போகும், அது ஓகே"ன்னு சொல்லணும், நாங்க சொல்லி சொல்லி தொண்ட வறண்டு போகும். டெஸ்ட் நடக்க நடக்க ஆளு மெதுவாகிட்டே போனா, மொத்தத்தையும் சேத்து ஒரே கணக்கா போடும்போது நிறுத்துற நேரம் நெஜத்த விட குறைவா வந்து நிக்கும். அதாவது பையன் நல்லா முன்னேறின மாதிரி தெரியும். ரெண்டாவது தடவ டெஸ்ட் எடுக்கற எந்த பையனுக்கும் இந்த தந்திரம் ஏற்கனவே தெரியும், அதையும் யோசிச்சு பாருங்க.

மூணாவது கம்ப்யூட்டரே. கீபோர்டு அமுக்கினதுக்கும் கம்ப்யூட்டர் பதிவு பண்றதுக்கும் நடுவுல இருக்கற தாமதம் நேரா இந்த நம்பர்ல ஏறும். எங்க லேப்ல ஒரு தடவ காலேஜ் பசங்க ஒரு பேட்ச் முழுக்க 330, 350ன்னு வந்துச்சு, எல்லாருக்கும் ஒரே நேரத்துல மூளைல பிரச்சனை வருமா? ரெண்டு நாள் மண்டைய ஒடச்சுட்டு அப்பறம் பாத்தா யாரோ வயர் ஹெட்ஃபோன் பிஞ்சு போச்சுன்னு ப்ளூடூத் ஹெட்ஃபோன் மாட்டி விட்டிருந்தாங்க. பீப் குடுத்தாச்சுன்னு கம்ப்யூட்டர் எழுதிக்குது, காதுக்கு அது போய் சேர 100 மில்லிசெகண்டுக்கு மேல ஆகுது. அந்த டேட்டா முழுக்க தூக்கி போட்டோம். அதனால உங்க சென்டர்ல ரெண்டு டெஸ்ட்டும் ஒரே மிஷின்ல ஒரே ஹெட்ஃபோன்லதான் எடுத்தாங்களான்னு கண்டிப்பா கேளுங்க.

கொஞ்சம் நேரா பாக்கற வழி ஒண்ணு இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. ஆள்காட்டி விரல அசைக்கற தசை மேல, கட்ட விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல மேடா இருக்கற இடத்துல, சின்ன எலக்ட்ரோடு ஒட்டி தசையோட மின்சாரத்த பதிவு பண்ணலாம். நல்லா நிறுத்தின தடவைல கூட சில நேரம் திரைல ஒரு சின்ன முடிச்சு மாதிரி அலை எழும்பி, பாதில வெட்டி விட்ட மாதிரி அடங்கும். விரல் அசையவே இல்ல, பட்டனும் அமுங்கல, ஆனா தசை கிளம்பி நின்னிருக்கு. முதல் தடவ அத பாத்தப்ப எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, கண்ணுக்கு தெரியாத அந்த "நிறுத்து" நேரா முன்னாடி நிக்குது. சான் டியகோல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ஆதம் ஆரன் குழு 2020ல இப்படித்தான் அளந்து, பீப் வந்து சுமார் 120 மில்லிசெகண்ட்ல வலது முன்மூளைல ஒரு அலை வெடிப்பு, 140 வாக்குல தசைங்களுக்கு போற கட்டளை பொதுவா அடங்குது, 160 வாக்குல தசையே அடங்குதுன்னு வரிசையா காட்டினாங்க. கணக்கு போட்டு வர்ற 200, 220ஐ விட அது கம்மி, அதாவது பழைய நம்பருக்குள்ள நிறுத்துறது தவிர வேற ஏதோ கொஞ்சம் கலந்திருக்கு. ஆராய்ச்சி பண்றவங்களுக்கே இன்னும் முடிவாகாத இடம் இது.

சரி, மூளைக்கு வரேன். வலது பக்க முன்மூளைல கீழ் ஓரம், நெத்திப்பொட்டுக்கு கிட்ட உள்ள இருக்கற பகுதி, இந்த நிறுத்துறதுக்கு முக்கியம்ங்கறது நல்ல ஆதாரம் உள்ள விஷயம். அங்க அடிபட்டவங்களுக்கு அடி எவ்வளவு பெருசோ அவ்வளவு நிறுத்துற நேரம் நீளுதுன்னு 2003ல ஆரன் கேம்பிரிட்ஜ்ல இருந்தப்ப காட்டினார். உச்சந்தலைக்கு முன்னாடி நடுவுல இருக்கற இன்னொரு பகுதியும், மூளைக்கு அடில பயறு மாதிரி இருக்கற சப்தலாமிக் நியூக்ளியஸும் இதே வலைல சேர்ந்தது. பார்க்கின்சன் நோயாளிங்களுக்கு அந்த பயறுக்குள்ள கம்பி வெச்சு கரண்ட் குடுப்பாங்க, டி.பி.எஸ்.னு சொல்றது, அப்படி கரண்ட ஆன் பண்ணா நிறுத்துற வேகம் நல்லாகுதுன்னு சில ஆராய்ச்சி, மோசமாகுதுன்னு சில ஆராய்ச்சி. நேரா அந்த இடத்துக்குள்ளயே கம்பி வெச்சும் பதில் ரெண்டு பக்கமும் வருதுன்னா, வெளிலேர்ந்து ஸ்பான்ஜ் வெச்சு எவ்வளவு எதிர்பாக்கலாம்னு நீங்களே யோசிங்க. இன்னொண்ணு, அந்த வலது பக்க பகுதி நெஜமா பிரேக்கா, இல்ல எதிர்பாராம எது வந்தாலும் கவனிக்கற இடமான்னு வருஷக்கணக்கா வாக்குவாதம் நடக்குது, இன்னும் ஓயல.

டி.டி.சி.எஸ். எப்படின்னா, 5க்கு 7 சென்டிமீட்டர் ஸ்பான்ஜ் ரெண்ட உப்புத்தண்ணில நனைச்சு, ஒண்ண அந்த இடத்து மேல ஒண்ண வேற பக்கம் வெச்சு ரப்பர் பட்டைல கட்டி, 1லேர்ந்து 2 மில்லிஆம்பியர் 20 நிமிஷம் விடறது. ஸ்பான்ஜ் காஞ்சு போச்சுன்னா தோல் சிவந்துடும், சில நேரம் புண்ணும் ஆகும், அதனால நடுவுல நடுவுல சிரிஞ்ச்ல தண்ணி விட்டுட்டே இருப்போம். 2018ல நியூயார்க் பல்கலைக்கழகத்து பூஷாக்கியும் ஹங்கேரி ஆராய்ச்சியாளருங்களும் சேந்து இறந்தவங்க உடம்புல அளந்து பாத்து, விடற கரண்ட்ல முக்கால்வாசி தோல்லயும் எலும்புலயுமே போயிடுதுன்னு சொன்னாங்க. மிச்சம் உள்ள போறதும் ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு மட்டும் போகாது, பரவலா போகும். அதுக்காக ஒண்ணுமே நடக்காதுன்னு நான் சொல்ல மாட்டேன், 2000லயே ஜெர்மனில கோட்டிங்கன்ல நிட்ஷேயும் பவுலஸும் இந்த அளவு கரண்ட்டே விரல அசைக்கற மூளைப்பகுதிய சுலபமா கிளம்பற மாதிரியோ மந்தமாவோ மாத்துதுன்னு காட்டினாங்க. ஆனா அதே சோதனைய நிறைய பேர வெச்சு திரும்ப பண்ணப்ப ஆளுக்கு ஆள் தலைகீழா மாறுது, ஒருத்தருக்கு ஏறுது ஒருத்தருக்கு இறங்குது.

நிறுத்துற டெஸ்ட்டுக்கு வந்தா, 2011 வாக்குல வலது பக்கத்துல கரண்ட் விட்டா வேகம் கூடுதுன்னு முதல் நல்ல செய்தி வந்துச்சு, அப்ப நாங்களும் சந்தோஷமா அதே மாதிரி செட்டப் போட்டோம். அதுக்கப்பறம் வந்தது கலவையா இருக்கு, எல்லாத்தையும் கூட்டி பாத்தா விளைவு சின்னதாதான் நிக்குது, அதுலயும் பெரும்பாலானது நல்லா இருக்கற காலேஜ் பசங்கள ஒரே ஒரு நாள் பாத்தது. உங்களுக்கு நேரா பொருந்தற ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. லண்டன் கிங்ஸ் காலேஜ்ல ஏ.டி.ஹெச்.டி. இருக்கற 10லேர்ந்து 18 வயசு வரைக்கும் 50 பசங்கள எடுத்து, அதே வலது பக்க பகுதில 15 சிட்டிங், கூடவே மூளைப்பயிற்சியும் குடுத்தாங்க. பாதி பேருக்கு நெஜ கரண்ட், பாதி பேருக்கு பொய் கரண்ட், அதாவது ஆரம்பத்துல கொஞ்ச நேரம் மட்டும் விட்டு நிறுத்திடறது, பையனுக்கு ஊறல் மட்டும் தெரியும், எதுன்னு கண்டுபிடிக்க முடியாது. 2021ல ரிசல்ட் வந்துச்சு, நெஜ கரண்ட் வாங்கினவங்க பொய் கரண்ட் வாங்கினவங்கள விட முன்னேறல. உங்க பையன் வயசு, அதே மாதிரி பிரச்சனை, நிறுத்துறதுக்கு முக்கியமான அந்த இடம், உங்க பையன விட அதிக சிட்டிங். எனக்கு இத விட தெளிவா வேணும்னு தோணல. பெரியவங்கள வெச்சு பிரேசில்ல வீட்டுலயே வேற இடத்துல கரண்ட் விட்டு கவனக்குறைவு குறைஞ்சுதுன்னு 2022ல வந்தது உண்மைதான், சென்டர்ல அத காட்டினாலும் காட்டுவாங்க, ஆனா அது பெரியவங்களோட கவனத்த பத்தினது.

பொய் கரண்ட் எதுக்கு அவ்வளவு முக்கியம்னா, 10 நாள் ஒரு பையன அம்மா கூட்டிட்டு போயி, ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பொறுமையா பேசி, "நீ நல்லாகிட்டே வர்ற"ன்னு சொன்னாலே அவன் மாறுவான். அந்த மாற்றம் பொய் இல்ல, வீட்டுல கொஞ்சம் அமைதியா இருக்கான்னு நீங்க எழுதினீங்களே அத நான் முழுசா நம்பறேன். ஆனா அதுக்கான காரணம் கரண்ட்னு சொல்ல அந்த ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்ல. அதோட இன்னொரு விஷயம், இந்த டெஸ்ட்ல வேகமா நிறுத்தறதுக்கும் நெஜ வாழ்க்கைல அவசரப்படாம இருக்கறதுக்கும் தொடர்பு ரொம்ப பலவீனம், கேள்வித்தாள் குடுத்து "நீங்க அவசரக்காரரா"ன்னு கேட்டு வர்ற மார்க்கும் இந்த நம்பரும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவே ஒட்டாது. க்ளாஸ்ல எழுந்து கத்தறது 200 மில்லிசெகண்ட் விஷயம் இல்லங்க.

நானா இருந்தா அந்த 20 சிட்டிங்க எடுக்க மாட்டேன். அந்த காச வெச்சு குழந்தைகள் மனநல டாக்டர் ஒருத்தர முதல்ல பாப்பேன், ஏ.டி.ஹெச்.டி.யான்னு ஒழுங்கா பாக்கறதுக்கு அப்பா அம்மா கிட்டயும் டீச்சர் கிட்டயும் விவரம் கேப்பாங்க, எந்த கம்ப்யூட்டர் டெஸ்ட்டும் தனியா அத சொல்லாது. பையனுக்கு ஃபிட்ஸ் வந்திருந்தாலோ தலைல ஆபரேஷன் ஆகிருந்தாலோ அந்த சென்டர்ல கேட்டாங்களாங்கறதும் எனக்கு தெரியணும், நீங்க எழுதினதுல அது இல்ல, கேக்கலன்னா அங்க திரும்ப போகாதீங்க. ஏற்கனவே எடுத்த 10னால பயப்பட வேண்டாம், இந்த அளவு கரண்ட்ல ஆராய்ச்சில பெரும்பாலும் பாத்தது ஊறல், எரிச்சல், சிவப்பு, கொஞ்சம் தலைவலி, அவ்வளவுதான். நெத்தில சிவப்பு இன்னும் போகலன்னா மட்டும் தோல் டாக்டர் கிட்ட காட்டுங்க.

ஒண்ணு பண்ணுங்க. ரெண்டு டெஸ்ட்டோட மூல ஃபைல சென்டர்ல கேளுங்க, ஒவ்வொரு அம்புக்குறிக்கும் ஒரு வரி இருக்கும், பீப் வந்துச்சா, எத்தன மில்லிசெகண்ட்ல வந்துச்சு, பையன் எப்ப அமுக்கினான்னு. குடுக்க முடியாதுன்னு சொன்னா அதுவே உங்களுக்கு ஒரு பதில். குடுத்தாங்கன்னா பையன் பேர், பிறந்த தேதி எல்லாத்தையும் எடுத்துட்டு இங்க போடுங்க, எத்தன பீப், பாதிக்கு பாதி வந்துச்சா, கோட்ட விட்ட தடவைல அவன் வழக்கத்த விட வேகமா இருந்தானா, போக போக மெதுவானானான்னு நானே உக்காந்து பாத்து கணக்கு போட்டு எழுதறேன்.